கிளிப்பச்சைச் சட்டை

நல்லூர், திருப்பூர்
19.1.2025

அப்புனு,

நல்லாயிருக்கிறாயா சாமி? வேளைக்குச் சோறு தின்கிறாயா? இந்தக் கடிதத்தை உன் சின்னம்மா விஜி கொண்டுவந்து கொடுத்தால் மறு பேச்சுப் பேசாமல் அவளோடு கிளம்பி வா. யார் மேலாவது கோபம் இருந்தால் ஊட்டுக்கு வந்து காட்டு.

டூர் போன இடத்தில் நீ ஆற்றோடு போய்விட்டாய் என்று ஆவணி மாசம் கம்பெனிக்காரர்கள் வந்து சொன்னார்கள். நான் நம்பவில்லை. நீச்சல் தெரியாதவன் நீ, தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளை, ஆற்றில் ஏன் இறங்கப்போகிறாய்? தேடினோம், ஆள் கிடைக்கவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆளைக் காட்டாமல் நம்பு என்றால் எப்படி நம்புவது? அன்றிலிருந்து எல்லோரும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

இப்போது நம் அயர்ன் மாஸ்டர் முருகேஷ் அதே ஊருக்கு டூர் போய்விட்டு உன்னைப் போட்டோ எடுத்து வந்திருக்கிறான். அவன் படகில் போகும்போது நீ ஒரு தெப்பத்தின் மேல் நின்று கயிறு இழுக்கிறாய். முதுகுதான் தெரிகிறது. ஆனால் டூருக்கென்று கம்பெனியில் தைத்த கிளிப்பச்சை டீசர்ட். முதுகில் தமிழில் உன் பேர். அந்த லாட்டை செக்கிங் பார்த்தவளே நான், எனக்குத் தெரியாதா? முருகேஷ் கூப்பிட்டானாம். நீ திரும்பவில்லையாம்.

தலையில் அடிபட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று பக்கத்து டேபிள் குப்பாயி சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன். உன் பேர் முகிலன். புதுத் துணி, புது மாடல் தைத்துப் பார்க்கிற சாம்பிள் செக்ஷனில் வேலை. உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அம்மா பேர் சாமியாத்தாள். உன் பெண்டாட்டி நதியா, ஓவர்லாக் டைலர். நீ ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட பெண். அவள் இன்னும் தாலியோடுதான் இருக்கிறாள். நான் கழற்றவிடவில்லை.

உன் வண்டியை நதியா தினமும் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறாள். பேட்டரி இறங்கிவிடுமாம். சீக்கிரம் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா

.

நல்லூர்
19.1.2025

விஜிக்கண்ணுக்கு அக்கா எழுதுவது.

நானும் நதியாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை அர்த்தநாரியும் பையனும் சுகமா? பையனுக்குச் சளி விட்டதா?

போனில் பேசலாமே என்பாய். ஒற்றை ரூம் ஊட்டில் நதியா காதுபட எதைப் பேசுவது? உன் குரலைக் கேட்டாலே அழுதுவிட்டு வைத்துவிடுகிறேன். ஜெயபாண்டி பனியன் மூட்டையோடு மாசாமாசம் உங்கள் பினாங்குக்குப் பறந்து பறந்து வருகிறான். அதனால் அவனைக் குருவி என்றே கூப்பிடுகிறார்கள். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலும் அவனிடமே கொடு.

உள்ளே முருகேஷ் எடுத்த போட்டோ இருக்கிறது. நன்றாகப் பார். இன்னொரு கடிதம் அப்புனுவுக்கு. அதை நீ படிக்காமல் அவன் கையில் கொடு. தாய்லாந்தில், அதுதான் சயாமில், ஊர்ப் பேர் காஞ்சனபுரி. ஆறு இருக்கிறது, பெரிய இரும்புப் பாலம் இருக்கிறது, அருவியும் இருக்கிறதாம். உங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் ரயிலிலேயே போகலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். மாப்பிள்ளை முன்பு அங்கெல்லாம் லாரி ஓட்டியவர், பாஷை தெரியும். எனக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, பாஷையும் இல்லை.

நதியாவின் அப்பா மொக்கைச்சாமி சும்மா இருக்க மாட்டேன் என்கிறார். ஆள் கிடைக்காவிட்டால் புல்லில் உருவம் கட்டி எரித்துக் காரியத்தை முடிக்கலாமாம். உயிரோடு கயிறு இழுக்கிறவனைப் புல்லாக்கி எரிப்பதா? நீ போய்ப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வா.

அக்கா

.

பட்டர்வொர்த், மலேசியா
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு விஜி வணக்கம்.

இங்கே மூவரும் நலம். பையனுக்குச் சளி போய்விட்டது. உனக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே செக்கிங் பார்க்காதே, ஸ்டூல் கேள்.

போட்டோவைப் பார்த்தேன். பேர் நன்றாகத் தெரிகிறது. ஆள் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லமாட்டேன் அக்கா, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அந்த ஊர் எங்களுக்குப் புதிது இல்லை. உன் மாப்பிள்ளையின் தாத்தா இங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. என்றைக்குச் செத்தார், எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியாது. திதி தெரியாததால் வருசத்துக்கு ஒரு தடவை, லீவு கிடைக்கிறபோது, காஞ்சனபுரி ஆற்றங்கரையில் இலை போட்டுப் படைத்துவிட்டு வருவார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. செத்த நாள் தெரியாதவருக்குச் சோறு போட்டால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை உன் மாப்பிள்ளை.

இந்த வருசம் ஸ்கூல் லீவில் போகிறோம். உன் கடிதம் பத்திரமாக இருக்கிறது. பிரிக்கவில்லை.

அன்புத் தங்கை
விஜயகுமாரி

.

நல்லூர்
2.3.2025

விஜிக்கண்ணுக்கு,

சுகம். கால் வீக்கம் கிடக்கட்டும். லீவு எப்போது விடும்? அவன் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது? தெப்பத்துக்காரன் கூலி சரியாகக் கொடுக்காவிட்டால் அவன் நிற்கமாட்டான். இரண்டு கம்பெனி மாறியவன்தானே.

ராத்திரி படுத்தால் கண் மூடுவதில்லை. எழுந்து பாத்திரம் கழுவுகிறேன். கழுவியதையே மறுபடி கழுவுகிறேன். நேற்று ஒரு பார்சல் முழுக்க ஓட்டை பீஸைப் பாஸ் பண்ணி அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை மொக்கைச்சாமி சம்பந்தி வந்தார். உசிலம்பட்டிப் பேச்சு, உனக்குத்தான் தெரியுமே. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சம்பந்தியம்மா, எம்புட்டு நாளைக்குத்தேன் என் மகளை இப்படி வச்சிருப்பீக? இருக்கானா செத்தானான்னு ஒரு முடிவு வேணும்ல?"

"ஏனுங்க, உங்க மருமகன் சயாம்ல கயிறு இழுத்துட்டு நிக்கறானுங்க. போட்டோ காட்டட்டுங்களா?"

"பாத்தேன், பாத்தேன். முதுகைக் காட்டி மூஞ்சியச் சொல்லச் சொல்றீக."

"முதுகு தேச்சு ஊத்துனவ நானுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்ப அந்த முதுகையே வச்சுக் குடும்பம் நடத்தச் சொல்லுங்க."

நதியா இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "ரெண்டு பேரும் குடிங்க. ஆறுது. குடிச்சுப்பிட்டு அப்புறமாச் சண்டை போடுங்க" என்றாள். அவர் டீயைக் குடித்தார். போகும்போது மகள் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை விஜி. அழுதால்கூடப் புரியும்.

அப்புனுவுக்கு இரண்டு பேன்ட், சட்டை ஜெயபாண்டியிடம் கொடுத்திருக்கிறேன். இளைத்திருப்பான். பெல்ட்டும் வைத்திருக்கிறேன்.

அக்கா

.

காஞ்சனபுரி
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலமாக வந்து சேர்ந்தோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை விடாதே.

ஊர் அழகான ஊர். ஆறு அகலம். கரை நெடுகத் தெப்பங்கள் மேல் மூங்கில் ஊடு கட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். இரும்புப் பாலத்தில் நாமே நடக்கலாம். ரயில் வந்தால் ஒதுங்க நடுநடுவே மேடை இருக்கிறது, எல்லோரும் அதில் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். அங்கிருந்து ரயிலில் மேற்கே போனால் ஓரிடத்தில் மலையை ஒட்டி மரக்கட்டைகள்மேல் தண்டவாளம் போகிறது. கீழே ஆறு. ரயில் நடக்கிற வேகத்தில்தான் போகும். கட்டை கிறீச்சென்று சத்தம் போடும். உன் மாப்பிள்ளை அந்த இடத்தில் மட்டும் எழுந்து நின்றுகொள்வார். ஏன் என்று நான் கேட்பதில்லை.

வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல்லைக் கத்தரித்து, ஒவ்வொரு கல்லிலும் பேரும் வயசும் போட்டு, பக்கத்தில் பூச்செடி. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்கிறார்கள். ஒருவர் பேரும் எங்கேயும் இல்லை. நாங்கள் ஆற்றோரம் இலை போட்டோம்.

எரவான் என்று ஒரு அருவி. ஏழு அடுக்கு. தண்ணீர் நீலமும் பச்சையுமாக, நம் சாயப்பட்டறையில் முதல் முங்கு முக்கி எடுத்த துணி மாதிரி. காலை வைத்தால் மீன் வந்து கடிக்கிறது. பையன் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனான். குரங்கு ஒன்று என் பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டது. குகைக்குள் புத்தர் இருக்கிறார், அதையும் பார்த்தோம்.

நீ கேட்ட தெப்பத்துக்கும் போனோம். இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம். மனசை விட்டுவிடாதே. ஆசையை வளர்க்கவும் செய்யாதே.

விஜி

.

நல்லூர்
27.4.2025

விஜிக்கு,

உடம்பு சுகம். உன் கடிதத்தை நதியா படித்துக் காட்டினாள். பிறகு நானே கண்ணாடி போட்டுப் படித்தேன். பிறகும் படித்தேன்.

அருவியைப் பற்றி எழுதியிருக்கிறாய். குரங்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் பிள்ளையைப் பற்றி இரண்டு வரி. நீ சின்னப் பிள்ளையிலிருந்தே இப்படித்தான். பானையை உடைத்துவிட்டால் அன்றைக்கு வாசல், திண்ணை, சந்து எல்லாம் கூட்டிவைப்பாய்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் அவனுக்கு எழுதின கடிதம் உன்னிடம்தானே இருக்கவேண்டும்? ஜெயபாண்டியிடம் பேன்ட், சட்டை, பெல்ட் மூன்றும் திரும்பி வந்தன. கடிதம் வரவில்லை. யாரிடம் கொடுத்தாய்?

அவனிடம் கொடுத்துவிட்டாயா? அவன் வரமாட்டேன் என்கிறானா? அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டதா? அப்படியிருந்தாலும் சொல். நான் நதியாவிடம் பேசிக்கொள்கிறேன். எதுவாக இருந்தாலும் சரி, இருக்கிறான் என்று மட்டும் எழுது.

அக்கா

.

நல்லூர்
1.6.2025

விஜி,

ஜெயபாண்டி இரண்டு தடவை வெறும் கையோடு வந்தான். "விஜியக்கா ஊட்ல இல்லீங்க" என்கிறான் ஒரு தடவை. "எழுதலையாமுங்க" என்கிறான் மறு தடவை. போனை எடுக்கிறாய், பையனிடம் கொடுத்துவிடுகிறாய். அவன் "பெரியம்மா சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறான். சாப்பிட்டேன் என்று சொல்கிறேன்.

பனியன் கம்பெனி சங்கு ஊதினால் எழுந்து போகிறேன். ஊதினால் திரும்பி வருகிறேன். பஸ்ஸில் யாராவது பச்சைச் சட்டை போட்டு ஏறினால் அடுத்த ஸ்டாப் வரைக்கும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வருகிறேன். போன வாரம் அருள்புரத்தில் ஒருவன் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டேன். ஒடிசாப் பையன். பயந்துவிட்டான் பாவம். தண்ணி வாங்கிக் கொடுத்தான்.

எனக்கு வேறு ஒன்றும் எழுத வரவில்லை. மாப்பிள்ளையையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

சாமியாத்தாள்

.

நல்லூர்
8.6.2025

மரியாதைக்குரிய சின்னத்தைக்கு நதியா எழுதுவது. நீங்களும் மாமாவும் தம்பியும் நலமா?

அத்தைக்குத் தெரியாமல் இதைக் கொடுத்துவிடுகிறேன். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். உங்கள் ஏப்ரல் கடிதத்தை முதலில் படித்தது நான்தான். சத்தமாகப் படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் அவரைத் தேடி அலைந்தவர்கள் மாதிரி எழுதவில்லை. தேடி முடித்தவர்கள் மாதிரி எழுதியிருந்தீர்கள்.

என் அப்பா நினைக்கிற மாதிரி நான் வேறு கல்யாணத்துக்காகக் கேட்கவில்லை. அத்தைக்காகவும் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன். காலையில் பொட்டு வைக்கக் கண்ணாடி முன் நிற்கும்போது நான் யார் என்று தெரியாமல் நிற்கிறேன். வைத்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்கிறது. வைக்காவிட்டால் அத்தை பார்க்கிறார்கள்.

அவர் வண்டியை நான் தினமும் ஓடவிடுவது அவர் வந்து ஓட்டுவார் என்று இல்லை. அந்தச் சத்தம் கேட்டால்தான் அத்தை எழுந்து பல் விளக்குகிறார்கள். 

உள்ளதை எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம், அத்தைக்கே எழுதுங்கள். படிக்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன்.

தங்கள் மருமகள்
நதியா

.

பட்டர்வொர்த்
3.7.2025

அக்கா,

உட்கார்ந்து படி. நதியா பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தத் தெப்பத்துக்காரனைப் போன அன்றைக்கே பார்த்துவிட்டோம். பச்சைச் சட்டைதான் போட்டிருந்தான். நான் பின்னால் நின்று "முகிலா" என்றேன். திரும்பினான். நம் முகிலன் இல்லை அக்கா. பர்மாவிலிருந்து பிழைக்க வந்தவன், டின் என்று பேர். பெண்டாட்டி பிள்ளையோடு தெப்பத்திலேயே இருக்கிறான்.

போட்டோவைக் காட்டியதும் பின்னால் நகர்ந்தான். போலீஸா என்று கேட்டான். அவனுக்கு ஒழுங்கான பேப்பர் கிடையாது. நாங்கள் அந்தப் பையனின் சொந்தம் என்று மாப்பிள்ளை சொன்னபிறகு கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

நம்மூர்க்காரன் எவன் சட்டையைப் பார்த்தாலும் காலரைத் திருப்பி லேபிள் பார்ப்பான் இல்லையா? முகிலனும் அதைத்தான் செய்திருக்கிறான். அங்கே படகு, தெப்பத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் கருநீலத்தில் ஒரு சட்டை போடுகிறார்கள், சந்தையில் கிடைப்பது. நனைந்தால் உடம்பிலேயே சட்டென்று காய்ந்துவிடும். டின் போட்டிருந்ததைத் தொட்டுப் பார்த்து, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, சாம்பிளுக்கு வேண்டும் என்று சைகையிலேயே கேட்டு, தன் பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதை வாங்கிப் போட்டுக்கொண்டான். எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் தண்ணீரில் குதித்திருக்கிறான், ஆழம் தெரியவில்லை போல. கூட வந்தவர்கள் அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவணி மாசத்துத் தண்ணீர், அங்கே மழைக்கால வெள்ளம்.

அவனைக் காணோம் என்றதும் பச்சைச் சட்டை என்று எல்லோரும் போலீஸில் சொன்னார்கள். போலீஸ் பச்சைச் சட்டையைத் தேடியது. பச்சைச் சட்டை டின் ஊட்டுக்குள் இருந்தது. பயத்தில் அவன் வாயைத் திறக்கவில்லை.

பல நாள் கழித்து ரொம்பத் தூரம் கீழே, வேறு ஊரில், மணலில் ஒருவர் ஒதுங்கியிருக்கிறார். கருநீலச் சட்டை. இடுப்பில் கயிறு, அதில் தாயத்து. அந்தப் பக்கத்து ஆட்களும் இடுப்பில் இப்படித்தான் மந்திரித்த தகடு கட்டுகிறார்கள். ஆகவே தெப்பக் கூலி, தங்கள் ஆள் என்று முடிவு செய்து, கேட்க யாரும் வராததால் புத்தர் கோயிலில் எரித்திருக்கிறார்கள். டின் காதுக்கு அது வந்தது. அப்போதும் அவன் சொல்லவில்லை.

நாங்கள் அந்தக் கோயிலுக்குப் போனோம். சாம்பலைச் சின்னக் கலயத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாமியார் கயிற்றையும் ஒரு தாளில் மடித்து வைத்திருந்தார், என்றைக்காவது யாராவது வருவார்கள் என்று. போன ஆடிப்பெருக்குக்கு நான் வந்திருந்தபோது கொடுமுடி ஆற்றங்கரையில் நின்று முகிலனுக்கும் என் பையனுக்கும் ஒன்றாகக் கட்டிவிட்டாயே, அதே சிவப்புக் கயிறு, அதே தாயத்து. என் பையனைக் குளிப்பாட்டும்போது தினமும் பார்க்கிறேன் அக்கா. எனக்குத் தப்பாது.

நீ அவனுக்கு எழுதிய கடிதத்தை அந்தக் கலயத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். வேறு யாரிடம் கொடுப்பேன்?

உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அருவியைப் பற்றித்தான் எழுத வந்தது. சாம்பலை நான் கரைக்கவில்லை. உன் கை படாமல் அதைச் செய்யக்கூடாது. பாஸ்போர்ட் எடு. வா.

விஜி

.

நல்லூர்
27.7.2025

விஜிக்கண்ணு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடு, தூங்கு. உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

நதியாதான் படித்தாள். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தாள். முடித்ததும் எழுந்து சோறு போட்டுக்கொண்டுவந்தாள். "சாப்பிடுங்கத்தே, மாத்திரை போடணும்ல" என்றாள். நான் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

கயிற்றின் நுனியைத் தீயில் கருக்கிவிடுவேன், பிரியாமல் இருக்க. கருகியிருந்ததா? எழுது. வேண்டாம், எழுதாதே. இருந்திருக்கும்.

தாலியை ஊரைக் கூட்டிக் கழற்ற நான் சம்மதிக்கவில்லை. "அப்ப நீங்களே கழட்டுங்கத்தே" என்று நதியா என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கழற்றினேன். கையில் எடுத்தபிறகு எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பொட்டையும் பூவையும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்து ஊட்டு மருதம்மாள் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பினாள். திருப்பட்டும்.

சம்பந்தியை வரச்சொன்னேன். "நாங் காரியத்த முடிச்சுட்டு வந்தர்றனுங்க. அப்புறம் நீங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நான்தான் டீ வைத்தேன். நதியா, "போறேன், இல்லேங்கல. இந்தம்மா உப்புப் போட மறந்துருவாகளே" என்கிறாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. ஆபத்து வந்தால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். நதியா தன் பேரைக் கொடுத்தாள்.

அக்கா

.

காஞ்சனபுரி
12.10.2025

அப்புனு,

வந்துவிட்டேன் சாமி. ஜெயபாண்டியோடு விமானம் ஏறினேன். குருவி என்று சும்மாவா சொல்கிறார்கள், அவன் ஏறியதும் தூங்கிவிட்டான். நான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பினாங்கிலிருந்து விஜி ரயிலில் கூட்டிவந்தாள்.

கல்லறைத் தோட்டத்தை நானும் பார்த்தேன். விஜி பையன் வயசை மட்டும் படித்துக்கொண்டே வந்தான். இருபத்திரண்டு, இருபத்திநான்கு, இருபத்தியாறு. இருபத்தியாறில் நான் நின்றுவிட்டேன். உன் வயசு. எந்த ஊர்ப் பிள்ளையோ. அவன் அம்மா இவ்வளவு தூரம் வந்து பார்த்திருப்பாளா, யாராவது கடிதம் எழுதியிருப்பார்களா என்று நினைத்தேன். கல்லின்மேல் இருந்த சருகை எடுத்துப் போட்டேன்.

அந்தக் கோயிலுக்குப் போய்க் கலயத்தை வாங்கினேன். கனமே இல்லை. நீ பிறந்தபோது இதைவிடக் கனம். சாமியார் கயிற்றை இரண்டு கையாலும் கொடுத்தார், நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. "இத்தன நாள் பாத்துக்கிட்டீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றேன். தலையாட்டினார்.

ரூமில் விஜியின் குக்கரில் அரிசியும் பருப்பும் ஆக்கினேன். ஆற்றங்கரையில் இரண்டு இலை போட்டோம். ஒன்று மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு, ஒன்று உனக்கு. அவருக்குக் காரம் பிடிக்குமா பிடிக்காதா யாருக்குத் தெரியும், உனக்குப் பிடித்த மாதிரியே ஆக்கிவிட்டேன். உன்னைக் கரைத்தபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் வேகமாகப் போனது. கை நிறைய வைத்திருந்தது ஒரு நொடியில் இல்லை. விஜி என் இடுப்பைப் பிடித்திருந்தாள்.

டின் பெண்டாட்டியோடு வந்தான். உன் பச்சைச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுத் தரையில் விழுந்தான். அவனை என்ன செய்வது? எனக்குத் திட்ட வரவில்லை. சட்டையைப் பிரித்துப் பார்த்தேன். தையல் விடவில்லை, சாயமும் போகவில்லை. திருப்பி அவனிடமே கொடுத்தேன். "போட்டுக்க கண்ணு. குளுருல நிக்கற" என்றேன். மாப்பிள்ளை அதைச் சயாம் பாஷையில் சொன்னார். அவன் ஏதோ கேட்டான். உனக்கு நீச்சல் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கிறான் என்றார் மாப்பிள்ளை.

என்ன நீச்சல் என்றேன். உனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளை என்றுதான் ஒரு வருசமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டின் கையை நீட்டிக் காட்டினான். இங்கிருந்து குதித்து அதோ அக்கரை வரைக்கும் போனாயாம். அங்கே தொங்கும் கொடியைப் பிடித்து ஆட்டிவிட்டுத் திரும்பி நீந்தி வந்தாயாம். தெப்பத்தில் ஏறிச் சட்டையைப் பிழிந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்துச் சிரித்தாயாம். மறுபடி குதித்தபோதுதான் இழுப்பு கொண்டுபோய்விட்டது. ஆற்றில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி நீந்தினான் என்கிறான். நான் நம்பாமல் மறுபடி கேட்கச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னான், அக்கரையில் அந்தக் கொடியையும் காட்டினான்.

நதியாவுக்குப் போன் போட்டேன். "எங்கிட்டயும் சொன்னதில்லையே அத்தே" என்றாள். பிறகு, "நல்லா நீந்துனாராமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நொய்யலில் சாயத் தண்ணீர், அதில் யாரும் கால் வைப்பதில்லை. நம் பக்கத்துக் கிணறெல்லாம் நீ பிறக்கும் முன்பே வற்றிவிட்டது. வாய்க்கால் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். ஈரத் தலையோடு நீ ஊட்டுக்கு வந்த ஒரு நாளும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நாளைக்கு ரயில். கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், தண்ணீர் பாட்டுக்குப் போகிறது.

எந்தத் தண்ணியில், யார் உனக்கு நீச்சல் கத்துக்கொடுத்தது அப்புனு?